முடி துறந்த ஒல்லாந்தர்

ஊதியம் பெறாது உழைப்போரை ஆளுதல் எளிதன்று. சம்பளம் கொடுப்பவர் கட்டளையிடலாம். கோயிற் பரிபாலன சபையிலோ வாசிகசாலைச் சங்கத்திலோ தொண்டு செய்பவரிடம் அங்ஙனம் கட்டளையிட இயலுமோ? மனம் நொந்தால் அவர் சால்வையை உதறித் தோளிலிட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்.

திறந்த மூல மென்பொருள் எனப்படும் கணினிச் செய்நிரல்களை ஆக்குவோரின் நிலையும் பெரும்பாலும் இத்தகையதே. அச்செய்நிரல்களின் மூல வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிணக்கு முற்றினால் அவற்றை எடுத்துச் சென்று வேறு பெயரில் வளர்க்கவும் செய்யலாம். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியாத பலர், பல தேசங்களிலிருந்து, பெரிதும் எழுத்து மூலமே உரையாடி ஒரு பொருளை உருவாக்குகின்றனர். அவர்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தால் முடிவு கூறுபவர் யார்? பைதன் என்னும் கணினி மொழியை வளர்ப்போர் 2018ஆம் ஆண்டில் இவ்வினாவை எதிர்நோக்க நேர்ந்தது.

பைதன் நம் மாணவருக்குப் புதிதன்று. க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயில்வோர் அம்மொழியிலேயே செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். அதனை ஆக்கியவர் கய்டோ வான் ரொஸும் என்னும் ஒல்லாந்தர். அம்ஸ்ரடாம் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையமொன்றிற் பணியாற்றிய அவர், 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிற் பொழுதுபோக்காக அதனைத் தொடங்கி, 1991இல் உலகுக்கு வழங்கினார். (பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைப்போர் பலர். உண்மையில் அது பி.பி.சி. தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியொன்றின் பெயரிலிருந்து பிறந்தது.) 'ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்று நண்பர்கள் 1995இல் அவருக்கு விளையாட்டாகச் சூட்டிய பட்டம் நிலைத்துவிட்டது. பட்டம் விளையாட்டாயினும் அதிகாரம் மெய்யானதே.

அவர் தம் விருப்பப்படியே யாவற்றையும் செய்தார் என்று எண்ணிவிடலாகாது. 2000ஆம் ஆண்டு முதல் ஓர் ஒழுங்கு நிலவி வருகின்றது. மொழியில் முக்கியமான மாற்றத்தை விரும்புபவர் அதனை முன்மொழிவாக எழுதி எல்லோர் முன்னிலையிலும் வைத்தல் வேண்டும். பலரும் ஆராய்ந்த பின்னரே முடிவு கூறப்படும். ஏற்கப்படாத கருத்துக்களையும், அவை ஏன் ஏற்கப்படவில்லை என்பதையும் அம்முன்மொழிவிலேயே பதிந்துவைத்தல் இவ்வொழுங்கின் தனிச்சிறப்பு என்பேன். நம் சங்கங்களின் கூட்ட அறிக்கைகளில் தோற்றவர் வாதம் இவ்வளவு மதிப்புடன் எழுதப்படுவதுண்டோ? எழுதப்படாத வாதம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுந்து நிற்கும்.

எனினும், நல்ல ஒழுங்கும் ஒரு மனிதரின் தோள்மேல் நின்றால் அவர் தளரும்போது தானும் தளரும். 2018இல் வந்த 572ஆம் முன்மொழிவு, முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த புதிய குறியொன்றைக் கோரிற்று. கோவையொன்றின் நடுவிலேயே ஒரு பெறுமானத்துக்குப் பெயரிட்டு, வரியொன்றை மிச்சப்படுத்த அஃது உதவும். பைதனின் அழகே அதன் எளிமைதான், இக்குறி அதனைக் கெடுக்கும் என்றனர் எதிர்த்தோர். நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள் குவிந்தன. தனித்தனியே நோக்கின் அவற்றுட் பல நாகரிகமாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஆயின், முன்னவர் எழுதியதைப் படியாது பின்னவர் அதனையே கூற, யாவும் ஒருவரையே நோக்கிப் பாயுமெனின், நாகரிகம் மட்டும் என் செய்யும்?

யூலை மாதத்தில் வான் ரொஸும் அம்முன்மொழிவை ஏற்றார். அம்மாதம் 12ஆந் தேதி தம் பொறுப்பைத் துறப்பதாக எழுதினார். ஒரு மாற்றத்துக்காக இவ்வளவு போராடியும், தம் முடிவைப் பலர் வெறுப்பதைக் காண இனி விருப்பமில்லை என்பதே அக்கடிதத்தின் சாரம். வாரிசையும் அவர் நியமிக்கவில்லை. குடியாட்சியோ, சர்வாதிகாரமோ, அராசகமோ, வேண்டியதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். சினத்தின் விளைவென்று சிலர் கருதக்கூடும். அவர் செய்த நற்பணிகளுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. வாரிசு ஒருவரை அவர் நியமித்திருப்பின் அதே சுமை வேறொரு தோளுக்கு மாறியிருக்கும்; அவ்வளவே.

அடுத்த சில மாதங்களில் அவர்கள் காட்டிய பொறுமை வியக்கத்தக்கது. பிற மென்பொருட் சமூகங்கள் எவ்வாறு ஆளப்படுகின்றன என்று முதலில் ஆராய்ந்து எழுதினர். பின் ஆட்சிமுறைகள் ஏழு முன்வைக்கப்பட்டன. தனித்தலைவர் ஒருவர் வேண்டுமென்பாரும், மூவர் போதுமென்பாரும், தலைமையே வேண்டாமென்பாரும் இருந்தனர். வாக்காளர் தம் விருப்பத்தை வரிசைப்படுத்தி எழுத, ஒவ்வொரு முறையையும் மற்றையவற்றுடன் இணை இணையாக ஒப்பிட்டு வெற்றி கணிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் ஐவர் கொண்ட வழிநடத்தற் சபை என்னும் முறை தெரிவாயிற்று.

அச்சபையின் விதிகளுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரே நிறுவனத்திற் பணிபுரிவோர் இருவருக்கு மேல் அதில் இருத்தலாகாது. பெருங் கம்பனிகள் பைதனை நம்பித் தொழில் நடத்தும் இந்நாளில், பொதுச்சொத்து ஒரு கம்பனியின் கைக்குட் போகாதிருக்க இட்ட வேலி அது. சபை தன் அதிகாரத்தை இயன்றவரை பயன்படுத்தாது இணக்கத்தையே நாடல் வேண்டும். நம்பிக்கை இழந்தால் வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் அதனை நீக்கலாம். 2019இன் தொடக்கத்தில் நடந்த முதற்றேர்தலில் வான் ரொஸுமும் ஐவருள் ஒருவரானார். அடுத்த தேர்தலில் அவர் விலகிக்கொண்டார்.

புதிய முறைக்கும் சோதனை வாராமலில்லை. 2021 ஏப்பிரிலில், 3.10ஆம் பதிப்பிற் சேர்க்கவென ஏலவே ஏற்கப்பட்டிருந்த மாற்றமொன்று, பலர் பயன்படுத்தும் செய்நிரற் றொகுதிகள் சிலவற்றைப் பழுதாக்கும் என்று அவற்றை ஆக்கியோர் முறையிட்டனர். அப்பதிப்பிற் புதிய அம்சங்களைச் சேர்ப்பதற்கான இறுதி நாளோ நெருங்கிவிட்டது. சபை அம்முறையீட்டை ஆராய்ந்து, சில நாட்களுக்குள் அம்மாற்றத்தை ஒத்திவைத்துக் காரணத்தையும் அறிவித்தது. ஒக்ரோபரில் 3.10ஆம் பதிப்பு அம்மாற்றமின்றியே வெளிவந்தது.