சுண்டு விரல் அகல மோட்டார்

சேலையூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டி நாலு நாள் ஆகிறது. வெயிலில் பலகையைத் தொட முடியவில்லை. குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். பம்பு போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம். முதலில் ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்குங்கள்.

சூடான நீர் இலேசாகித் தொட்டிக்கு ஏறும், குளிர்ந்த நீர் பலகைக்கு இறங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த உந்துதல் எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு லிட்டர் நீர் 30 டிகிரியில் ஏறத்தாழ 996 கிராம். 60 டிகிரியில் 983. வித்தியாசம் வெறும் 13 கிராம். ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டும் எதிரெதிரே நின்றால் கிடைக்கும் தள்ளு, சுண்டு விரல் அகல நீர்மட்டத்துக்குச் சமம். மொத்த மோட்டாரும் இவ்வளவுதான்!

பலகையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் நடுவில் கூன் போட்டிருந்தால் அங்கே காற்று தங்கும். நீரோடு ஒப்பிட்டால் காற்றுக்கு எடையே இல்லை எனலாம், இறங்கும் பக்கத்தில் இழுக்க ஆளில்லை. அந்த இறக்கம் விரல் அகலத்தைத் தாண்டினால் ஓட்டம் நின்றது. தாம்பரம் டவுன் பஸ்ஸில் உள்ளே இடம் கிடக்க, படிக்கட்டில் ஒருவர் தொங்குவார். ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார். டிக்கெட்டும் எடுக்க மாட்டார். குழாயில் தங்கிய காற்றும் அப்படித்தான். கண்டக்டர் விசிலும் இங்கே இல்லை; உவமையை இத்தோடு விடுகிறேன்.

முதல் நாளே காற்றை வெளியேற்றினாலும் போதாது. அடுப்பில் பால் பாத்திரம் அலசிய தண்ணீரை வைத்தால், கொதிக்கும் முன்பே ஓரங்களில் முத்து முத்தாகக் குமிழி கட்டுமே, அது கரைந்திருந்த காற்று. புதுத் தண்ணீர் சூடாகும்போதெல்லாம் அது பிரிந்து வரும். அதனால்தான் குழாய் வழி நெடுக மேல்நோக்கியே சரிந்திருக்க வேண்டும். காற்றுப்போக்கிக் குழாயின் வாய் வீட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். கனடாவில் ரேடியேட்டர் வைத்த வீட்டுக்காரர்களும் குளிர்காலத் தொடக்கத்தில் திருகைத் தளர்த்திக் காற்றை விடுகிறார்கள். அங்கே தண்ணீரைத் தள்ளப் பம்பு இருந்தும் இந்த வேலை தப்பவில்லை.

வரலாறும் வேண்டுமென்றால்: தொட்டியைப் பலகைக்கு மேலே தனியே வைத்தவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் பெய்லி, 1909இல். போதும்.

விளம்பரங்கள் சொல்லும் '24 மணி நேர வெந்நீர்' ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பொருந்தாது. வெந்நீர் தேவைப்படும் நாளில்தான் சூரியன் லீவு. நம் போர்வெல் உப்பு மெல்லிய செம்புக் குழாய்களை அடைக்கும் என்பதையும் துண்டுப் பிரசுரத்தில் காணோம்.

ரசமட்டத்துக்குள்ளும் இருப்பது ஒரு காற்றுக் குமிழிதான். ரசமட்டத்தைக் கூனின் மேல் வைத்து, குழாயை நிமிர்த்தச் சொல்லுங்கள். பிறகு பலகையைப் பழைய போர்வையால் மூடி, விடியற்காலையில், அடியிலிருந்து மெதுவாக நீர் நிரப்பி, போர்வையை எடுத்துவிடுங்கள். மறுநாள் நண்பகலில், தொட்டி வாயருகே மேல்குழாய் கொதித்து, அடிக்குழாய் குளிர்ந்திருந்தால் ஓட்டம் வந்துவிட்டது. மாட்டியவருக்கு மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.