அரியணை விட்டிறங்கிய பாப்பரசர்

ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் தாயுரிமை கோரி வந்தபோது சாலமோன் மன்னர் வாளைக் கொண்டுவரப் பணித்தார். குழந்தை உயிரோடு இருந்தாற் போதும் என்று தன் உரிமையைக் கைவிட்டவளே உண்மைத் தாய் என அவர் கண்டுகொண்டார். அன்பான வாசகர்களே, மத்திய காலம் முடிந்து மறுமலர்ச்சிக் காலம் அரும்பிய வேளையில் ஐரோப்பாவிலும் இத்தகையதொரு வழக்கு எழுந்தது. அங்கே கூறுபோடப்பட்ட குழந்தை திருச்சபையே.

அரச அதிகாரம் பெரிதா, திருச்சபையின் அதிகாரம் பெரிதா என்று பிரெஞ்சு மன்னர் 4ஆம் பிலிப்புக்கும் பாப்பரசர் 8ஆம் பொனிபாஸுக்கும் இடையே மூண்ட பூசலே இதன் தொடக்கம் எனலாம். பிரெஞ்சுச் செல்வாக்கு ஓங்கியது. 1309இல் பாப்பரசர் 5ஆம் கிளமென்ற் அவிஞ்ஞோன் நகரிற் குடியேறினார். தொடர்ந்து ஏழு பாப்பரசர்கள் உரோமாபுரியை விட்டு அங்கேயே வாழ்ந்தனர். சியன்னா நகர்ப் புனித கத்தரீன் விடாது வற்புறுத்தியதும் ஒரு காரணமாக, 1377 ஜனவரியில் 11ஆம் கிரகோரி உரோமாபுரிக்குத் திரும்பினார்.

மறு ஆண்டே அவர் காலமானார். உரோமரையோ இத்தாலியரையோ தெரிவு செய்யுமாறு மக்கள் திரண்டு ஆர்ப்பரிக்க, கர்தினால்மார் 6ஆம் ஊர்பனைத் தெரிவு செய்தனர். அவருடைய கடுஞ்சொற்களால் மனங்கசந்தபோது, அச்சத்தின் காரணமாகவே தெரிவு செய்தோம் என்று கூறி, 1378 செப்டெம்பரில் 7ஆம் கிளமென்ற்றை நியமித்தனர். அவர் அவிஞ்ஞோனுக்குச் சென்றார்.

மன்னர்களோ தத்தம் பகையையும் நட்பையும் கணக்கிட்டே பாப்பரசரைத் தேர்ந்தனர். பிரான்ஸ் அவிஞ்ஞோனை ஏற்றது. பிரான்ஸுடன் போரிட்ட இங்கிலாந்து உரோமாபுரியை ஏற்றது. இங்கிலாந்தின் பகை நாடான ஸ்கொட்லாந்து மீண்டும் அவிஞ்ஞோன் பக்கம் சாய்ந்தது. புனித கத்தரீன் உரோமாபுரிக்காகவும் புனித வின்சென்ற் பெரர் அவிஞ்ஞோனுக்காகவும் வாதாடினர். புனிதர்களே எதிரெதிர் அணிகளில் நின்றனர் எனின், எளிய விசுவாசிகளின் கலக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

1409இல் பீசா நகரிற் கூடிய சங்கம் இருவரையும் நீக்கிப் புதியவர் ஒருவரை நியமித்தது. இருவரும் விலகவில்லை, ஆதலால் இருவர் மூவராயினர்!

இறுதியில் மன்னர் சிகிஸ்மண்ட்டின் முயற்சியால் 1414இல் கொன்ஸ்ரான்ஸ் நகரிற் பொதுச்சங்கம் கூடியது. பீசா வழிவந்த பல்தசாரே கொஸ்ஸா தம் பதவி பறிபோகுமென அஞ்சி, மாறுவேடமிட்டுத் தப்பியோடினார். பிடிபட்டுப் பதவி நீக்கப்பட்டார். அவிஞ்ஞோன் வழிவந்த 13ஆம் ஆசீர்வாதப்பர் ஸ்பானியக் கரையோரக் கோட்டையொன்றிற் புகுந்து, தாமே பாப்பரசர் என்று சாகும்வரை சாதித்தார்.

மூன்றாமவர், உரோமாபுரி வழிவந்த 12ஆம் கிரகோரி. அவரும் குறையற்றவர் அல்லர். ஒற்றுமைக்காகப் பதவி துறப்பேன் என 1406இல் சத்தியம் செய்தே தெரிவானவர், பல ஆண்டுகள் அதனை நிறைவேற்றாது காலங்கடத்தினார். எனினும் 1415 ஜூலை 4ஆம் திகதி, அவருடைய பிரதிநிதி சங்கத்தின் முன்னிலையில் அவரது துறவை அறிவித்தார். தாமதமாயினும் அவர் விட்டுக்கொடுத்தார். 1417 ஒக்டோபரில் அவர் மறைந்தார். மறு மாதம் 5ஆம் மார்ட்டின் தெரிவாக, 39 ஆண்டுப் பிளவு முடிவுக்கு வந்தது. தம் தியாகத்தின் கனியைக் கிரகோரி காணவில்லை.

ஆனால் வாசகர்களே, இக்கதையை இங்கே முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். கிரகோரி பதவி துறந்த இரண்டாம் நாள், ஜூலை 6ஆம் திகதி, அதே நகரில் யான் ஹஸ் என்னும் செக் நாட்டுக் குரு உயிரோடு எரிக்கப்பட்டார். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தம் மக்களின் மொழியிற் போதித்தவர் அவர். மன்னர் அளித்த பாதுகாப்புக் கடிதத்தை நம்பி வந்தவரைச் சங்கம் பேதகர் எனத் தீர்ப்பிட்டது. பாப்பரசர்களிடம் தாழ்மையைக் கேட்ட சங்கம், தன்னைக் கேள்வி கேட்டவர் முன் தாழவில்லை. அதன் விளைவாகப் போகேமியா ஆண்டுக்கணக்கிற் போரில் எரிந்தது. 1999இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அக்கொடூர மரணத்திற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அதற்கு 584 ஆண்டுகள் சென்றன.

கிரகோரிக்குப் பின்னர் பதவி துறந்த பாப்பரசர் 2013இல் விலகிய 16ஆம் ஆசீர்வாதப்பரே. ஆறு நூற்றாண்டுகளில் ஒருவர்! விட்டிறங்குவது அத்துணை அரிது.

நம் குடும்பத்திலும் சபையிலும் சங்கங்களிலும் நாம் பற்றிக்கொண்டிருக்கும் இருக்கைகள் சிறியவைதாம். ஆயினும் உரிமை நம்முடையதே என்று நாம் வாதாடும் ஒவ்வொரு வேளையிலும், நடுவே ஒரு குழந்தை கிடத்தப்பட்டிருக்கின்றது. அது பிழைக்க வேண்டும் என்பதற்காக நாம் எதனை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கின்றோம்? நமக்கு மாறாகப் பேசுவோரையும் அதே தாயுள்ளத்தோடு நோக்குகின்றோமா? இவ்வாரம் சிந்திப்போம்.