பெயரிலேயே இருக்கும் விடை

ஜொகூரில் ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்கும் நம் பிள்ளைகள் நான்காம் அத்தியாயத்தை மலாயில் 'பிலிஹ் ஆத்துர் டான் கபுங்ஙான்' என்று படிக்கிறார்கள். தமிழில் வரிசைமாற்றமும் சேர்மானமும். சூத்திரங்களைப் பிள்ளைகள் எளிதாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எந்தக் கணக்குக்கு எது என்பதில்தான் தடுமாற்றம்.

அந்த மலாய்ப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். பிலிஹ் என்றால் தேர்ந்தெடு, ஆத்துர் என்றால் ஒழுங்காக அடுக்கு. எடுக்க வேண்டும், எடுத்ததை வரிசையில் வைக்கவும் வேண்டும். கபுங்ஙானில் எடுத்ததோடு வேலை முடிந்தது.

கோயில் கூட்டத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு மூவர் குழு வேண்டும் என்றால் 120 வழிகள். அதே பத்துப் பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவர் வேண்டும் என்றால் 10×9×8, அதாவது 720 வழிகள். எடுத்த மூவருக்கு மூன்று பதவிகளை 6 விதமாகக் கொடுக்கலாம். 120ஐ 6ஆல் பெருக்கினால் 720. இரண்டு கேள்வியிலும் 'தேர்ந்தெடுக்க' என்ற சொல்தான் வரும். அந்தச் சொல்லைக் கண்டாலே சேர்மானம் என்று எழுதப் பழக்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல்.

சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு விடையை எழுதி, அதில் இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். புதிதாக ஒன்று பிறந்ததா? தலைவரும் பொருளாளரும் இடம் மாறினால் நிர்வாகமே வேறு. புளிப்பும் இனிப்பும் இடம் மாறினால் சுவை அதேதான். அறுசுவைகளைத் தனித்தும் கலந்தும் எடுத்தால் 63 என்று பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை சொல்வது இந்தச் சேர்மானக் கணக்குதான்: ஒரு சுவை முதல் ஆறு சுவை வரை எடுக்க, முறையே 6, 15, 20, 15, 6, 1.

சாலைக்கு வாருங்கள். ஜொகூர் வாகனங்களின் எண் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்கும். 'ஜே ஏ பி 1234' ஒரு கார், 'ஜே பி ஏ 1234' இன்னொரு கார். ஆகவே வரிசை முக்கியம். ஆனால் அவசரப்பட்டு வரிசைமாற்றச் சூத்திரத்தைப் போட்டுவிடக் கூடாது. ஐ, ஓ, இஸட் நீங்கலாக 23 எழுத்துகள் புழக்கத்தில் உள்ளன. வந்த எழுத்தே மறுபடியும் வரலாம். அதனால் அடுத்த இரண்டு இடங்களுக்கு 23×22 இல்லை, 23×23, அதாவது 529.

கடைசியாக, மாநிலத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜே, ஓ, ஹெச், ஓ, ஆர். ஐந்து எழுத்துகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? 120 என்று எழுதத் தோன்றும். இரண்டு ஓ-க்களையும் ஒன்றோடொன்று இடம் மாற்றிப் பாருங்கள். சொல் மாறவே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை எண்ணிவிட்டோம். விடை 60.