உங்களுக்குத் தெரியுமா? பழைய பேப்பர் ஸ்பெஷல்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று 1986 முதல் இருக்கிறது. வீட்டு நிலைக்கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துப் பளபளப்பாக்குகிறோம். அதே பேப்பர் காவலூர்க் கண்ணாடியில் பட்டால் அது பாழ். ஏன் தெரியுமா? நம் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. பேப்பர் உரசுவது வெறும் கண்ணாடியைத்தான். தொலைநோக்கியில் அலுமினியப் பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு! அதனால்தான் பூச்சு மங்கினால் தேய்ப்பதில்லை. பழையதைக் கரைத்து எடுத்துவிட்டு, காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் வைத்துப் புதிதாகப் பூசுகிறார்கள்.

*

ஜன்னல் கண்ணாடிக்குத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து தெளித்து, கசக்கிய பேப்பரால் துடையுங்கள். பழந்துணிபோல் இது பஞ்சு விடாது. வெள்ளைப் பெயின்ட் அடித்த சட்டத்தில் மட்டும் படவேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடிக்கும் கேமரா லென்ஸுக்கும் கூடவே கூடாது, கீறல் விழும்.

*

நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரம் முத்தாக நிற்கும். செய்தித்தாளில் விட்டால் உடனே பரவிவிடும். எழுதும் தாளில் பேனா மை ஊறாமலிருக்கப் பசை சேர்க்கிறார்கள். செய்தித்தாளில் அது மிகக் குறைவு. பழைய பேப்பரின் பாதி உபயோகம் இந்தத் தாகத்தில்தான் இருக்கிறது.

*

மழையில் நனைந்த தோல் செருப்பு, ஷூவை அடுப்பங்கரையில் வைத்துக் காயவைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேப்பரை மாற்றினால் ஈரத்தை அது குடித்துவிடும், வடிவமும் கெடாது. காவலூர் மலையடிவாரத்துக்கு அந்தப்புறம் இருக்கும் ஆம்பூர் ஷூக்களுக்குப் பேர்போன ஊர். கடையில் புது ஷூவுக்குள் காகிதம் திணித்திருப்பதும் அது நசுங்காமலிருக்கத்தான்.

*

செய்தித்தாளைக் கரும்புச் சக்கையிலிருந்து செய்யலாம் என்பது தெரியுமா? கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தமிழக அரசு 1979-இல் தொடங்கியது அதற்காகத்தான். சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்த சக்கை அங்கே காகிதமாகிறது.

*

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சூடான வடையையும் பஜ்ஜியையும் பேப்பரில் வைத்து எண்ணெய் ஒற்றி எடுக்கிறோம். எண்ணெய் பேப்பருக்குப் போகும்போது மை சும்மா இருப்பதில்லை. அச்சு மையில் சாயமும் கனிம எண்ணெயும் இருக்கின்றன. சூடான எண்ணெய் அவற்றைக் கரைத்து வடைக்கே திருப்பித் தருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்தது. 2018-ஆம் ஆண்டின் பொட்டல விதிகளும் செய்தித்தாளில் உணவைச் சுற்றுவதைத் தடை செய்கின்றன. ஆனாலும் தள்ளுவண்டியிலும் டீக்கடையிலும் வழக்கம் ஓயவில்லை. கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். "அண்ணா, இலையில் கொடுங்க" என்று கேளுங்கள். வாழை இலை, மந்தாரை இலை, தேக்கிலை எல்லாம் நம் ஊரில் இருந்தவைதானே! வீட்டிலோ வடிதட்டு போதும். முக்கியமாகக் குழந்தைகளுக்குப் பேப்பரில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

*

சீத்தாப்பழக் காலத்தில் காயாக வாங்கிவந்தால் பேப்பரில் சுற்றிக் கூடையில் வையுங்கள். பழுக்கும்போது காய் வெளிவிடும் எத்திலீன் வாயு பேப்பருக்குள் தங்கி, பழுப்பதை வேகப்படுத்தும். பிளாஸ்டிக் பைபோல வியர்த்து அழுகவிடாது. தோலை உரித்துத் தின்னும் பழங்களுக்கு மட்டும் இது சரி.

*

எங்கள் ஆயா கடையில் கூடை வாங்கி நான் பார்த்ததில்லை. பேப்பரைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார். தனியாக ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் வெண்ணெய்போல ஆட்டுவார். குடத்தைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் துணி விரித்து, விழுதை ஒரு விரல் கனத்துக்கு அப்புவார். நாலு வெயில் காய்ந்து கழன்று வரும்போது அது ஒரு கூடை! ஒட்டவைப்பது வெந்தயத்தின் வழவழப்பு. ஊறிய வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்தாலே அது தெரியும். அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார் ஆயா. மேலே புளியங்கொட்டைப் பசை பூசினால் இன்னும் உறுதி. ஜவ்வாது மலைப் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லையே. அந்தக் காலத்தில் பருப்பும் மிளகாயும்கூட இதில் கொட்டி வைத்தார்கள். மையை நினைத்து நான் இப்போது நூல்கண்டு, சீப்பு, சாவிக்கொத்து மட்டும் போட்டுவைக்கிறேன். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைக்கும்.

*

இதே காகிதக் கூழ்தான் பொம்மைக்கும். புதுச்சேரி திருக்கனூரின் காகிதக் கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

*

கத்தரி, தக்காளி நாற்றுக்குப் பிளாஸ்டிக் பை எதற்கு? பேப்பரை நீளவாக்கில் மடித்து டம்ளரில் சுற்றி, அடியை உள்ளே மடக்கினால் நாற்றுத்தொட்டி தயார். நாற்றைத் தொட்டியோடு மண்ணில் வைத்துவிடலாம். வேர் அசையாது, பேப்பர் மட்கிவிடும். களை முளைக்கும் இடத்தில் ஐந்தாறு தாளை நனைத்து விரித்து மேலே சருகோ மண்ணோ போட்டால், வெளிச்சம் கிடைக்காமல் களை மடியும். வழவழப்பான வண்ண இணைப்புத் தாள்களை மட்டும் தோட்டத்துக்கு விடாதீர்கள்.

*

பட்டுப் புடவையைப் பேப்பரில் சுற்றாதீர்கள். மை இறங்கும். பழைய பருத்தி வேட்டி போதும். அலமாரியில் விரித்த பேப்பரையும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிப்பூச்சிக்கு அதுவே விருந்து.

*

வெயில்பட்ட பேப்பர் ஏன் மஞ்சளாகிறது? மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் செய்தித்தாளில் நிறைய தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும். பிள்ளையின் படம் வந்த பேப்பரைப் பத்திரப்படுத்த நினைத்தால் இருட்டான பெட்டிக்குள் வையுங்கள், ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள்.

*

கொலு முடிந்து மண் பொம்மைகளைக் கட்டும்போது முதலில் மெல்லிய துணி, அதன்மேல் கசக்கிய பேப்பர் என்று இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூக்கும் கையும் உடையாது. அடுத்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்தால் எங்கள் வீட்டில் பொம்மை அடுக்கும் வேலை ஒரு மணி நேரம் நின்றுவிடும். ஆளுக்கொரு கசங்கிய தாளைப் பிரித்துப் போன வருஷத்துச் செய்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்போம்.