வெஸ்லியின் இருவகை நாட்பதிவுகள்

சமயக் குரவர் எழுதிவைத்த நாட்பதிவுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வார், அவை யார் பொருட்டு எழுதப்பெற்றன என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஆங்கிலர் டயரி என்றும் ஜர்னல் என்றும் வேறுபடுத்தி வழங்கும் இரண்டனையும் நாம் பெரும்பாலும் நாட்குறிப்பு என்னும் ஒரு சொல்லாலேயே சுட்டுதலின், இவ்வினா நம்மிடையே எழாது போகின்றது. ஈண்டு முன்னதனை நாட்குறிப்பு எனவும், பின்னதனை நாள்வழி வரலாறு எனவும் குறிப்போம். மெதடிஸ்து இயக்கத்தின் முதல்வராகிய ஜான் வெஸ்லி (1703-1791) இரண்டனையும் எழுதியவர்.

1725-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் குருத்துவப் பணிக்கு ஆயத்தம் செய்துவந்தபோது வெஸ்லி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஜெரமி டெய்லரின் நூல்களைப் பயின்றமையே அதற்குத் தூண்டுகோல். துயிலெழுந்த நேரம், செய்த வேண்டுதல், படித்த நூல், கண்டு பேசினோர், உள்ளத்தின் நிலை ஆகியன மறைகுறிகளாலும் சுருக்கெழுத்தாலும் அதன்கண் பொறிக்கப்பெற்றன. பின்னர் ஒவ்வொரு நாழிகைக்கும் கணக்கு எழுதும் அளவிற்கு அது நுணுகிற்று. அவர்தம் மாணவத் தோழரும் அம்முறையை மேற்கொண்டனர். பெஞ்சமின் இங்காம் 1733-34-இல் எழுதியது 1985-இல் பதிப்பிக்கப்பெற்றுள்ளது. இவை வணிகர் பேரேட்டினை ஒப்பன. நடைநயம் தேடிச் செல்வார்க்கு ஏமாற்றமே எஞ்சும்.

நாள்வழி வரலாறோ பிறர் படித்தற்கென்றே ஆக்கப்பெற்றது. 1735-இல் ஜார்ஜியாவிற்குக் கப்பலேறியது முதலான செய்திகளைக் கூறும் அதன் முதற்பகுதி 1740-இல் வெளிவந்தது. சவன்னா நகரில் 1737-இல் அவர்மீது குற்றஞ்சாட்டப்பெற்றமையும், அதனை ஒட்டிப் பழிச்சொற்கள் பரவியமையும் அறிந்தார்க்கு, அப்பகுதி ஒருவகையில் மறுப்புரையும் ஆம் என்பது புலனாகும். நூற்பெயரே அதனைத் 'திரட்டு' என்கின்றது. திரட்டெனின் விடுபட்டனவும் உளவன்றோ?

அமெரிக்காவினின்று மீண்ட 1738-ஆம் ஆண்டின் தொடக்கப் பகுதியில், பிறரை மனந்திருப்பச் சென்ற தாமே மனந்திரும்பாதவர் என வெஸ்லி எழுதினார். 1771 முதல் 1774 வரை வெளிவந்த தம் நூற்றொகுதியிலோ, அக்கூற்றில் தமக்கு உறுதியில்லை என்று குறிப்புச் சேர்த்தார். அவ்வாண்டு மே 24-ஆம் நாள் ஆல்டர்ஸ்கேட் தெருவில் எய்திய அனுபவத்தினை அவர் வாழ்வின் பெருந்திருப்பமாகக் கொள்வார், இளமைக்கால உரையை மட்டும் எடுத்துக்காட்டிப் பிற்காலக் குறிப்பை விடுத்தல் முறையன்று. இரண்டும் அவர் கையினவே.

நெகேமியா கர்னாக் 1909 முதல் 1916 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பில் மறைகுறிகள் பல விளக்கம் பெற்றன. பின்னர் ரிச்சர்டு ஹைட்சன்ரேட்டர் ஆக்ஸ்போர்டு நாட்குறிப்புக்களை ஆழ்ந்து ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சி நமக்கும் பயன்படும் இடம் ஒன்றுண்டு. 1814-இல் வெஸ்லியத் தூதுவர் இலங்கையை அடைந்தனர். அவருள் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் சென்றனர். தூதுவர் நாட்பதிவு எழுதி, அதன் திரட்டினை இலண்டனுக்கு விடுத்தல் வேண்டும் என்பது அவர்தம் சங்கத்தின் விதி. ஆதலின் யாழ்ப்பாணத்துக் கல்வி பற்றியும் சமய வாதங்கள் பற்றியும் அத்திரட்டுக்கள் கூறுவனவற்றை ஆள்வோர், பொருளுதவி செய்த ஆங்கில மக்களை நோக்கி அவை எழுந்தன என்பதனை உளங்கொண்டு, மூலக் கையெழுத்துப்படி கிடைக்குமிடத்து அதனோடு ஒப்பிட்ட பின்னரே மேற்கோளாகக் காட்டுதல் தகும்.