கோமாளி மீனின் தோலில் ஒரு வெண்புள்ளி

கடல்நீர்த் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களைப் பதறவைக்க ஒரு வெண்புள்ளி போதும். கோமாளி மீனின் வாலோரத்தில் அதைக் கண்டதும் கடைக்கு ஓடி, கிடைத்த மருந்தை வாங்கிவந்து தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். ஆனால் இந்த மீனின் தோலை வெளுக்கவைக்கும் நோய்கள் பல. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

மீனின் செதில் வெளிக்கவசம் அல்ல. அதற்கு மேலேயும் உயிருள்ள மெல்லிய தோல்படலம் உண்டு, அதன் மேல் வழுவழுப்பான சளி. கடல்மீனுக்கு இந்தத் தோலின் நலம் உயிர்ப் பிரச்சினை. அதன் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சுற்றியுள்ள உப்புநீர் உடலிலிருந்து எந்நேரமும் நீரை இழுத்துக்கொண்டிருக்கிறது. மீன் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியே வெளியேற்றித்தான் ஈடுகட்டுகிறது. தோல் பரவலாகப் புண்பட்டால், தண்ணீருக்குள் இருந்துகொண்டே அது நீர்வற்றிச் சாகும்.

உப்புக்கல் அளவில், எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கிரிப்டோகேரியன் என்ற ஒருசெல் உயிரி. தோல்படலத்துக்கு அடியில் புகுந்துகொள்வதால், மேலே படும் மருந்து அதைத் தொடாது. மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுத்தபின் மீனைவிட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். அப்போது புள்ளிகள் மறையும். ‘மருந்து வேலை செய்துவிட்டது’ என்று எல்லோரும் நிம்மதி அடைவது இந்த நேரத்தில்தான்; நோய் பெருகுவதும் இப்போதுதான். கூட்டுக்குள் பிளந்து பிளந்து பெருகிய குஞ்சுகள், சில நாளிலிருந்து சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கில் நீந்தி வெளிவரும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். தொட்டிக்குள் மீன் கிடைக்காமல் போவதேது?

எண்ணவே முடியாத நுண்பொடி, டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்தால் மங்கிய பொன்னிறம் காட்டினால், அது அமிலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. முதலில் தாக்குவது செவுளை. ஆகவே தோலில் பொடி தெரியுமுன்பே மீன் வேகமாக மூச்சுவாங்கும், பம்ப் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்கும், வெளிச்சத்தைவிட்டு ஒதுங்கும். இதில் ஒருநாள் தாமதம்கூட உயிரைக் குடிக்கும். புள்ளியே இல்லாமல், உடலெங்கும் சளி திட்டுத்திட்டாக உரிந்து தொங்கினால் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கடலில் பிடித்துவந்த கோமாளி மீன்களில் அடிக்கடி வருவது இது.

ஐயமறத் தெரிய வேண்டுமென்றால், மீனைப் பிடித்து, பக்கத்துடுப்புக்குப் பின்னால் கண்ணாடித் தகட்டால் மெல்ல வழித்தெடுத்த சளியை உடனே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கிரிப்டோகேரியன் நிதானமாகச் சுழலும். அமிலூடினியம் பழுப்பு உருண்டையாக அசையாமல் ஒட்டியிருக்கும். புரூக்லினெல்லா அவரைவிதை வடிவில் ஓடித்திரியும். இதைச் செய்யப் பழகிய கால்நடை மருத்துவர் அருகில் இருந்தால், எந்த மருந்தையும்விட அவரே பெரிய வரம்.

பெயர் தெரிந்தபின்தான் மருந்து. முதல் இரண்டுக்கும் தாமிரம் பலன் தரும். ஆனால் அது பவளத்தையும் கடற்சாமந்தியையும் கொன்றுவிடும். ஆகவே மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, தாமிர அளவை நாள்தோறும் சோதித்தபடியேதான் தர வேண்டும். பழைய தொட்டி குறைந்தது ஆறு வாரமாவது மீனின்றி இருக்கட்டும். கூட்டிலிருந்து வருபவை பட்டினியில் மடியும். புரூக்லினெல்லாவுக்குத் தாமிரம் பயன்படாது. அதற்கு ஃபார்மலின் குளியல், அதுவும் அனுபவம் உள்ளவர் கையால்.

துடுப்பின் விளிம்பில் பூக்கோசுபோலத் திரண்டு, வாரக்கணக்கில் இடம் மாறாமல் இருக்கும் வெண்கட்டி மட்டும் வேறு வகை. லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ், மீனின் செல்லையே கண்ணுக்குத் தெரியுமளவு வீங்கவைத்துவிடுகிறது. கட்டியின் ஒவ்வொரு மணியும் ஒரே ஒரு செல். இதற்கு மருந்து கிடையாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. நல்ல தீனி கொடுத்து, நீரைச் சுத்தமாக வைத்து, சண்டைக்கார மீன்களைப் பிரித்துவைத்தால் பல மீன்களில் அது தானாகவே உதிர்ந்துவிடும்.