வெள்ளைக் கரடியைப் பற்றி வெளியே சொல்லாதே!

தன் காட்டில் ஓர் அதிசயம் உலவுகிறது என்று தெரிந்தும், தலைமுறை தலைமுறையாக வாயே திறக்காத ஊர் ஒன்று உண்டு, தெரியுமா? கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஹார்ட்லி பேதான் அந்த ஊர். கிட்காட் பழங்குடியினரின் கிராமம். ஏறத்தாழ 200 பேர். வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, படகில் போகலாம் அல்லது கடல் விமானத்தில் இறங்கலாம். ஊருக்குள் தெரு என்பதே மரப்பலகை நடைபாதைதான்!

அவர்கள் மறைத்து வைத்தது ஒரு வெள்ளைக் கரடியை. பனிக்கரடி அல்ல, கருங்கரடி இனமேதான்! தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வெள்ளை நிறத்துக்கான மரபணு வந்து சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். கன்னங்கரிய தாயின் பின்னால் பால்நிறக் குட்டி நடந்து போவதை நினைத்துப் பாருங்கள்! இன்னொன்று தெரியுமா? பகலில் சால்மன் பிடிப்பதில் கறுப்பைவிட வெள்ளைதான் கெட்டி. தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, வெளிறிய வானத்துக்கு எதிரே வெள்ளை உருவம் சட்டென்று தெரிவதில்லையாம்.

இது தோல் வியாபாரிகள் காதில் விழுந்தால் ஒரு கரடிகூட மிஞ்சாது. அதனால்தான் பெரியவர்கள் பிள்ளைகளிடம் ‘அதைப் பற்றிப் பேசாதே’ என்று சொல்லியே வளர்த்தார்கள். அந்த மௌனமே கரடிக்குக் காவலாக நின்றது.

பிறகு வந்தது எண்ணெய். ஆல்பர்ட்டாவிலிருந்து கிடிமாட் துறைமுகம் வரை 1,177 கிலோமீட்டர் குழாய், நாளுக்கு 5,25,000 பீப்பாய். அதை ஏற்றிச் செல்ல ஆண்டுக்குச் சுமார் 220 கப்பல்கள், அதுவும் தீவுகளுக்கு நடுவே வளைந்து போகும் கடல்வழியில், ஹார்ட்லி பேயின் வாசலைத் தாண்டி! என்பிரிட்ஜ் நிறுவனத்தின் ‘நார்தர்ன் கேட்வே’ திட்டம் அது.

அந்தத் தண்ணீரில் கப்பல் தவறாதா? 2006 மார்ச் 22, நள்ளிரவு தாண்டிய நேரம். ‘குயின் ஆஃப் த நார்த்’ என்ற பயணிகள் கப்பல் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் கில் தீவில் மோதியது. தகவல் கேட்டதும் இருட்டிலும் மழையிலும் மீன்பிடிப் படகுகளைக் கிளப்பிக்கொண்டு ஓடியவர்கள் ஹார்ட்லி பே மக்கள்தான். 101 பேரில் 99 பேர் பிழைத்தார்கள். கரைக்கு வந்தவர்களுக்குப் போர்வை, சூடான காபி, உடுத்தத் துணி. அந்தக் கப்பல் 400 மீட்டருக்கும் கீழே இன்றும் கிடக்கிறது. இப்படி ஒரு இரவைக் கண்டவர்களிடம் போய் ‘பயப்படாதீர்கள்’ என்றால் எப்படி?

இப்போது மௌனம் உதவாது என்று முடிவு செய்தார்கள். 2010 செப்டம்பரில் இயற்கைப் பாதுகாப்புப் புகைப்படக்காரர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று கேமராக்களோடு வந்து இறங்கியது. ஏழு புகைப்படக்காரர்கள், மூன்று வீடியோக்காரர்கள், 14 நாள்! கிட்காட் வழிகாட்டி மார்வன் ராபின்சன் அவர்களைக் கரடி வரும் ஓடைக்கே கூட்டிப்போனார். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டு வளர்ந்த சமூகத்திலிருந்து ஒருவர், உலகத்துக்கே காட்ட முன்னால் நடக்கிறார்! எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம் இதுதான்.

அந்தத் தேடல் ‘ஸ்பாயில்’ என்ற படமானது. 2011 ஆகஸ்டில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அட்டையில் பால் நிக்லன் எடுத்த வெள்ளைக் கரடி! அந்தக் கரையிலேயே வாழ்ந்த புகைப்படக்காரர் இயன் மெக்காலிஸ்டர், பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கேமராவைப் பிடித்து, தீவுக்குத் தீவு நீந்தும் ஓநாய்களை எடுத்தார். அதே கரையில் ஹெய்ல்ட்சுக் பழங்குடியினர் வாழும் பெல்லா பெல்லா ஊரின் பள்ளிப் பிள்ளைகள், நின்றபடி துடுப்புப் போடும் பலகைகளைத் தாங்களே மரத்தில் செய்ததை ‘ஸ்டேண்ட்’ படம் காட்டியது.

எதிர்த் தரப்பும் படம் காட்டியது, தெரியுமா? 2012இல் வந்த என்பிரிட்ஜின் அனிமேஷனில், எண்ணெய்க் கப்பல்கள் போகவிருந்த டக்ளஸ் கால்வாய் அகலமாக, வெறுமையாக விரிந்து கிடந்தது. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தீவுகளைக் காணோம்! வெறும் விளக்கப் படம்தான் என்றது நிறுவனம். ஆனால் நிஜத் தீவுகளை ஊரே புகைப்படத்தில் பார்த்தாகிவிட்டதே!

படங்கள் மட்டுமே வென்றன என்று சொல்ல மாட்டேன். 2014இல் 209 நிபந்தனைகளோடு கனடா அரசு அனுமதி கொடுக்கத்தான் செய்தது. பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள். 2016 ஜூனில் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, நவம்பர் 29 அன்று அரசே திட்டத்தை நிராகரித்தது. 2019இல் சட்டமும் வந்தது: 12,500 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் சுமக்கும் கப்பல் அந்த மேற்குக் கரையின் வடபகுதித் துறைமுகம் எதிலும் நிற்கக் கூடாது!

ஆனால் அதற்கு முன்பே, 2016 அக்டோபர் 13 அன்று பெல்லா பெல்லா அருகே ‘நேத்தன் இ. ஸ்டூவர்ட்’ என்ற இழுவைக் கப்பல் பாறையில் ஏறி, ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகமான டீசலைக் கொட்டியது. ஹெய்ல்ட்சுக் மக்கள் கிளிஞ்சல் பொறுக்கும் இடம் அது. அந்த அளவுக் கப்பல்களைப் பிறகு வந்த இந்தச் சட்டமும் தடுக்கவில்லை.